விளக்கொளியும் கண்கூச்சமும்: வட்டவடை வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது வட்டவடை ஊராட்சி. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாகப் பாம்பாடும் சோலையைக் கடந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் இதனை அடையலாம். படிப்படியாக வெட்டப்பட்ட மலைச்சரிவுகளில் உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் பீன்சும் விளைகின்றன. இப்பகுதியின் வெள்ளைப்பூண்டு, காந்தளூர்-வட்டவடைப் பூண்டு என்னும் பெயரில் 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மக்களுள் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். சூழவுள்ள காடுகளையொட்டி முதுவர் குடிகள் உள்ளன. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். ஆகவே இங்குள்ளவர்கள் சமவெளி மக்களைக் காட்டிலும் நெடுநேரம் விளக்கை நம்பியே வீட்டினுள் வாழ வேண்டியவர்கள்.

விளக்கைப் பொறுத்தமட்டில் இடுக்கி மாவட்டத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940இல் இயங்கத் தொடங்கியது மூணாற்றின் அருகேதான். இடுக்கி நீர்மின் திட்டம் 1976இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எனினும் மின்சாரம் பிறக்கும் மாவட்டத்தின் மலைக்குடிகளுக்கு அது வந்துசேரப் பல்லாண்டுகள் ஆயின. 2017 மே 29ஆம் நாள் கேரளம் முழுமையாக மின்வசதி பெற்ற மாநிலமென அறிவிக்கப்பட்டது. அத்துடன் 'மின்சாரம் உண்டா' என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது எனலாம். கிடைத்த ஒளி கண்ணுக்கு இதமாக உள்ளதா என்பது அதற்கு அடுத்த வினா. வளர்ச்சித் திட்டங்களைப் பற்றிய நம் அறிக்கைகளில் இவ்வினா இடம்பெறுவதே இல்லை.

அலுவல் தொடர்பாக வட்டவடைக்குச் சென்றிருந்தபோது ஒரு மாலைப்பொழுதைக் கோவிலூரை அடுத்த ஒரு வீட்டில் கழிக்க நேர்ந்தது. ஏறத்தாழ பத்தடிக்குப் பத்தடி அறை. ஒரு மூலையில் அடுப்பு. குளிருக்கு அஞ்சி வைத்த சிறு சன்னல். நெடுநாள் புகையேறிக் கருத்த சுவர்களும் கூரையும். கதவுக்கு அருகே, ஸ்விட்ச் பலகைக்குச் சற்று மேலே, ஏறத்தாழ ஆறடி உயரத்தில் சுவரில் பொருத்திய ஹோல்டரில் ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கெதிரே தரையில் அமர்ந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பொதுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பல்புக்கும் அவளுக்கும் இடையே ஆணியிலிருந்து நூல் கட்டி ஒரு பழைய நாட்காட்டி அட்டை தொங்கவிடப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன். பூண்டின் வேரையும் தாளையும் அரிந்து தரம் பிரித்துக்கொண்டிருந்த அவள் பாட்டி, "லைட்டு மொகத்துல அடிக்குதுங்கய்யா. புள்ளைக்குத் தலை வலிக்குதுன்னு நாந்தான் கட்டிவிட்டேன்" என்றார். "அப்படியானால் புத்தகத்துக்கு வெளிச்சம் போதுமா, பாட்டி?" என்றேன். "அதுதான் பத்தல. அட்டைய எடுத்தா கண்ணு கூசுது, வச்சா எழுத்து தெரியல" என்பது விடை.

ஒளியியல் பொறியாளர்கள் நூறாண்டுகளாக ஆராய்ந்துவரும் சிக்கலை அப்பாட்டி இரண்டு வாக்கியங்களில் கூறிவிட்டார். ஒரே அறையில், ஒரே விளக்கின்கீழ், கண்ணுக்கு ஒளி மிகையாகவும் புத்தகத்திற்குக் குறையாகவும் இருப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கூசொளி என்பது யாது?

பார்வைப் புலத்தில் ஏதேனும் ஒரு பகுதி, கண் அப்போது பழகியிருக்கும் பொது ஒளிநிலையைக் காட்டிலும் மிகுதியாக ஒளிர்ந்து இடையூறு விளைத்தால் அதனைக் கூசொளி என்று அழைக்கலாம். இதில் இரு வகை உண்டு. இரவில் எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு, சாலையில் நிற்கும் மனிதரைக் காணவொட்டாமல் செய்கிறது. இது பார்வையை மறைக்கும் கூசொளி. விளக்கொளி கண்ணின் வில்லையிலும் பிற ஊடகங்களிலும் பட்டுச் சிதறி, விழித்திரையின்மீது மெல்லிய ஒளித்திரையாகப் படிவதே இதற்குக் காரணம். அமெரிக்காவில் ஹாலடே 1926இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளமிட்டது. பார்வைக் கோட்டிலிருந்து விளக்கு விலகும் கோணம் இருமடங்கானால் இத்திரையின் அடர்த்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது அதிலிருந்து பெறப்பட்ட விதி. வயதும் இதில் பங்கு கொள்கிறது. எழுபது வயதினர் கண்ணில் சிதறல் இளைஞர் கண்ணில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. கண்புரை தோன்றிவிட்டால் இன்னும் மிகும். பூண்டு அரியும் பாட்டிக்கும் படிக்கும் பேத்திக்கும் ஒரே விளக்கு ஒரே அளவில் தொல்லை தருவதில்லை.

இரண்டாவது வகை, தொல்லை தரும் கூசொளி. இதில் எழுத்துத் தெரியாமற் போவதில்லை. ஆனால் கண் சுருங்குகிறது, புருவம் நெரிகிறது, முகத்தைத் திருப்பத் தோன்றுகிறது. நேரம் செல்லச்செல்ல அயர்வும் தலைவலியும் தோன்றுகின்றன. வீடு, பள்ளி, அலுவலகம் ஆகியவற்றில் நாம் பெரிதும் காண்பது இதுவே. இதன் உடலியல் காரணம் முதல் வகையைப்போல் ஐயமறத் தெளிவாக்கப்படவில்லை. இயல்பான வீட்டு விளக்கின் கூசொளியால் கண் நிலையாகப் பழுதுபடும் என்பதற்குச் சான்று இல்லை என்பதையும் இவ்விடத்தே கூறிவிட வேண்டும். 'கண் கெட்டுவிடும்' என்று அஞ்சத் தேவையில்லை. கெடுவது படிப்பும் உழைப்பும்தான். அரை மணி நேரத்தில் புத்தகத்தை மூடிவைக்கும் மாணவர்களை நாம் சோம்பேறிகள் என்று எளிதில் கூறிவிடுகிறோம்.

தொல்லையை அளக்க முடியுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. அமெரிக்காவில் லக்கிஷ், கூத் ஆகிய இருவரும் 1949இல் வெளியிட்ட ஆய்வில், இதத்திற்கும் தொல்லைக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு எங்குள்ளது என்று பார்வையாளர்களையே கேட்டு வரையறுத்தனர். இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் ஹாப்கின்சனும் அவர்தம் குழுவினரும் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்முறையை வளர்த்தனர். 'சற்றே உணரத்தக்கது', 'சற்றே ஏற்கத்தக்கது', 'சற்றே தொல்லை தருவது', 'சற்றே பொறுக்கவொண்ணாதது' என்று படிநிலைகள் வகுக்கப்பட்டன. இவற்றின் வழிவந்ததே, பன்னாட்டு ஒளியூட்டக் குழு 1995இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த கூசொளி மதிப்பு. இம்மதிப்பு பெரும்பாலும் 10க்கும் 30க்கும் இடையே அமையும். 10க்குக் கீழ் தொல்லை இல்லை எனலாம்; 28ஐத் தாண்டினால் பொறுக்கவொண்ணாது. படித்தல், எழுதுதல், வகுப்பறை ஆகியவற்றிற்கு 19ஐயும், நுட்ப வரைபடப் பணிக்கு 16ஐயும் உச்ச வரம்பாகப் பன்னாட்டுத் தர அளவுகள் குறிக்கின்றன.

வாய்பாடு கூறும் பாடம்

மாணவர்கள் இவ்வாய்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; அதன் அமைப்பைப் புரிந்துகொண்டாற் போதும். கூசொளியை மிகுவிப்பவை இரண்டு: விளக்கின் ஒளிர்வு, விளக்கு கண்ணுக்குத் தோன்றும் பரப்பு. குறைப்பவையும் இரண்டு: பின்புலத்தின் ஒளிர்வு, பார்வைக் கோட்டிலிருந்து விளக்கு விலகியுள்ள நிலை. இவற்றுள் விளக்கின் ஒளிர்வு இருபடியாக வருகிறது. பரப்போ ஒருபடியாகவே வருகிறது. எனவே அதே அளவு ஒளியை நான்கு மடங்கு பரப்பில் பரப்பிவிட்டால், ஒளிர்வு நான்கில் ஒன்றாகி அதன் இருபடி பதினாறில் ஒன்றாகும். பரப்பு நான்கு மடங்கு கூடும். முடிவில் கூசொளி நான்கில் ஒரு பங்கே எஞ்சும். டியூப் லைட்டு குண்டு பல்பைவிடக் கண்ணுக்கு இதமாக இருந்ததன் காரணம் இதுவே. தெளிந்த கண்ணாடிக்குள் எரியும் இழையின் ஒளிர்வு சதுர மீட்டருக்குப் பல இலட்சம் கேண்டிலாவைத் தாண்டும். டியூப் லைட்டின் ஒளிர்வோ பத்தாயிரத்தை ஒட்டியது. இன்று விற்பனையாகும் ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பின் பால்வெள்ளை மூடி, என் கணக்கின்படி நாற்பதாயிரம் அளவில் உள்ளது. மூடி உடைந்தபின் வெறும் சில்லுகளோடு எரியும் பல்புகளை எல்லாச் சிற்றூர்களிலும் காண்கிறோம். அவற்றின் சில்லுகள் பத்து இலட்சங்களில் ஒளிர்பவை.

இனி வட்டவடை வீட்டிற்குத் திரும்புவோம். பல்பு சுமார் 900 லூமன் தருவது. அதன் மூடி ஆறு சென்டிமீட்டர் விட்டம் உடையது. தரையில் அமர்ந்த சிறுமியின் கண்ணிலிருந்து இரண்டரை மீட்டர் தொலைவிலுள்ள எதிர்ச்சுவரில் ஆறடி உயரத்தில் உள்ளது. புகை படிந்த அறையில் எல்லாப் பரப்புகளும் சேர்ந்து தம்மீது விழும் ஒளியில் கால் பங்கையே திருப்பித் தருகின்றன எனக் கொண்டால், பின்புல ஒளிர்வு சதுர மீட்டருக்கு 2 கேண்டிலா அளவே ஆகிறது. அட்டை இல்லாத நிலையில், அவள் நிமிர்ந்து நேரே பார்க்கும்போது கூசொளி மதிப்பு 32ஐத் தாண்டுகிறது. அஃதாவது அளவுகோலின் முனைக்கு அப்பால். அதே நேரத்தில் புத்தகத்தின்மீது விழும் வெளிச்சம் ஏறத்தாழ 11 லக்ஸ்தான். வகுப்பறைக்கு இந்தியத் தர அளவு கூறும் வீச்சின் நடு எண் 300 லக்ஸ் என்பதோடு இதனை ஒப்பிடுக. இவ்வெண்கள் துல்லியமானவை என்று நான் வாதிட மாட்டேன். நான் பொருளியல் பயின்றவனேயன்றிப் பொறியாளன் அல்லன். இவ்வளவு சிறிய ஒளிமூலத்திற்கு அவ்வாய்பாடு தன் எல்லையில் நிற்கிறது என்பதும் உண்மை. ஆயினும் எது எவ்வளவு மாற்றம் தரும் என்று அறிய இக்கணக்கு போதுமானது.

முதலாவதாகச் சுவருக்கும் கூரைக்கும் சுண்ணாம்பு அடிப்பதாகக் கொள்வோம். அறையின் சராசரித் திருப்பொளி கால் பங்கிலிருந்து பத்தில் ஆறு பங்காக உயரும். ஒளி சுவருக்குச் சுவர் மீண்டும் மீண்டும் திரும்புவதால் பின்புல ஒளிர்வு 2லிருந்து 9 ஆகும். கூசொளி மதிப்பு 27க்கு இறங்கும். இத்துடன் மற்றொரு பயனும் உண்டு: புத்தகத்தின்மீதுள்ள வெளிச்சம் 33 லக்ஸாக, அஃதாவது மூன்று மடங்காக உயரும். ஒரு வாட் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகவில்லை என்பதைக் கருதுக. இரண்டாவதாக, பல்பை ஆறடியிலிருந்து எட்டடிக்கு உயர்த்தினால் அது பார்வைக் கோட்டிலிருந்து மேலும் விலகும். மதிப்பு 23 அல்லது 24 ஆகும். மூன்றாவதாக, பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள பால்வெள்ளைக் கோளத்திற்குள் பல்பை அமைத்தால் 19ஐ ஒட்டி வந்துவிடும். நாட்காட்டி அட்டை செய்த பணியை, வெளிச்சத்தை இழக்காமலே இவை மூன்றும் செய்துமுடிக்கின்றன.

இன்னொரு வழியும் உண்டு. அது நம் முன்னோர் அறிந்தது. முன்னாளில் கடைகளிலும் இரயில் நிலையங்களிலும் பச்சை அல்லது வெள்ளை எனாமல் பூசிய கூம்பு வடிவ ஷேடுகளுக்குள் குண்டு பல்பு தொங்கியதை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். ஷேடு பல்பைக் கண்ணுக்கு முற்றிலும் மறைத்து, ஒளி முழுவதையும் கீழே செலுத்திற்று. படிக்கும் இடத்திற்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் அத்தகைய ஷேடோடு இதே ஒன்பது வாட் பல்பைத் தொங்கவிட்டால் புத்தகத்தின்மீது நூறு லக்ஸுக்கும் மேல் கிடைக்கும். எனினும் அறையின் மேற்பகுதி இருண்டுபோகும் என்பதால், சுண்ணாம்பின் தேவை இங்கும் நீங்குவதில்லை. டியூப் லைட்டு வந்தபின் எனாமல் ஷேடு வழக்கொழிந்தது. டியூப் லைட்டின் இடத்தைச் சிறிய, செறிந்த எல்.இ.டி. பல்பு பிடித்தபோதோ, ஷேடு திரும்பி வரவில்லை.

எண்ணப்பட்டவையும் எண்ணப்படாதவையும்

பொருளியல் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி இங்கேதான் உள்ளது. பின்னர் 2018இல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நோர்தாஸ், 1990களில் விளக்கொளியின் விலை வரலாற்றை ஆராய்ந்தார். விளக்கின் விலையையோ எண்ணெயின் விலையையோ பாராமல், ஒரு குறிப்பிட்ட அளவு லூமன் ஒளியை ஒரு மணி நேரம் பெறுவதற்கு ஆகும் செலவைக் கணித்தார். வழக்கமான விலைக் குறியீட்டெண்கள் காட்டுவதைவிடப் பன்மடங்கு மிகுதியாக ஒளியின் விலை வீழ்ந்துள்ளது என்பது அவர் முடிவு. சிறந்த ஆய்வு. ஆனால் அதிலும் ஒளி என்பது லூமன்தான். கண்ணில் பாயும் லூமனும் புத்தகத்தில் விழும் லூமனும் கணக்கில் ஒன்றாகவே நிற்கின்றன.

நம் நாட்டின் உஜாலா திட்டம் 2015 ஜனவரி 5ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன்கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டுள்ளன. மொத்தக் கொள்முதலின் வலிமையால் 2014இல் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாகக் குறைந்தது. உலக அளவில் பேசத்தக்க சாதனை இது என்பதில் ஐயமில்லை. 2017 செப்டம்பரில் தொடங்கிய சௌபாக்கியா திட்டம், மின்வசதி இல்லாத வீட்டிற்கு இணைப்புடன் ஒரு விளக்கு முனையையும் ஒரு கைப்பேசி மின்னேற்று முனையையும் தந்தது. கேரள அரசும் இழை விளக்கு இல்லாத கேரளம் என்னும் நோக்குடன் 2018-19 வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு திட்டத்தை அறிவித்துக் குறைந்த விலையில் எல்.இ.டி. பல்புகளை வழங்கியது. இவற்றின் பயனாக, நாற்பது வாட் குண்டு பல்பு எரிந்த வீட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான மின்சாரத்தில் இருமடங்கு ஒளி கிடைக்கிறது.

அறிக்கைகளில் பல்புகளின் எண்ணிக்கை உண்டு; மிச்சமான அலகுகள் உண்டு; தவிர்க்கப்பட்ட கரிவளி உண்டு. பல்பு அறையில் எவ்விடத்தில் மாட்டப்பட்டது என்பது இல்லை. ஒற்றை விளக்கு முனை என்னும்போது, மின்கம்பி மிச்சமாகட்டும் என்று கதவோரத்தில், கைக்கெட்டும் உயரத்தில் ஹோல்டரைப் பொருத்துவதே வயரிங் செய்பவர்க்கு எளிது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. முனைக்கு இவ்வளவு என்பதே அவருக்குரிய கூலி. உயரத்திற்குக் கூலி இல்லை.

ஊக்கம் தவறான திசையில் செல்வதற்கு மற்றொரு சான்று விண்மீன் முத்திரை. எரிசக்தித் திறன் செயலகம் எல்.இ.டி. விளக்குகளுக்கு 2018 முதல் கட்டாயமாக்கிய இம்முத்திரை, ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்பதை அளக்கிறது. ஒளியைப் பரப்பித் தரும் அடர்ந்த பால்வெள்ளை மூடி, ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்ளும். எனவே மூடியை மெல்லியதாகவும் சிறியதாகவும் செய்யும் உற்பத்தியாளர்க்கு முத்திரையில் இலாபம். அடர்த்தியாகவும் பெரியதாகவும் செய்பவர்க்கு இழப்பு. முத்திரை தீயது என்பதன்று. அளக்கப்படும் பண்பு மட்டுமே சந்தையில் மதிப்புப் பெறுகிறது என்னும் பொது விதிக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. வாங்குவோர் கடையில் எரியவிட்டுப் பார்த்து, 'பளிச்சென்று' உள்ளதையே தேர்கின்றனர். நீலம் கலந்த வெண்மை ஒளியே மிகுதியும் விற்பதற்கும் இதுவே காரணம். சம அளவு ஒளியிலும் நீலம் மிகுந்த ஒளி கூடுதலாகக் கூசுகிறது எனச் சில ஆய்வுகள் கண்டுள்ளன.

சட்டமும் தர அளவும்

இத்துறையில் நமக்கு விதிகளே இல்லை என்று எண்ணிவிடலாகாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, விளக்கிலிருந்து நேராகவோ மெருகிட்ட பரப்பில் பட்டுத் திரும்பியோ வரும் கூசொளியையும், கண்ணுக்கு அயர்வோ தொழிலாளர்க்கு விபத்தோ விளைக்கத்தக்க நிழல்களையும் இயன்றவரை தடுக்க வேண்டுமெனத் தெளிவாகப் பணித்தது. விடுதலை பெற்ற மறு ஆண்டிலேயே இத்தகைய விதி இயற்றப்பட்டது போற்றத்தக்கது. தேயிலைத் தொழிற்சாலையில் இலை தரம் பிரிக்கும் தொழிலாளர்க்கு அச்சட்டம் தந்த காப்பு, வட்டவடையில் தன் வீட்டிலேயே பூண்டு தரம் பிரிக்கும் பெண்ணுக்குக் கிட்டவில்லை. வீடு தொழிற்சாலை ஆகாது அல்லவா?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உள்ளக ஒளியூட்ட நெறிமுறை 1966இல் வெளிவந்து 1992இல் திருத்தப்பெற்றது. அதில் ஒவ்வோர் இடத்திற்கும் வேண்டிய லக்ஸ் அளவுக்கு அருகிலேயே நேர்க் கூசொளிக் கட்டுப்பாட்டின் தரவகுப்பும் அச்சிடப்பட்டுள்ளது. 2010இல் தேசிய ஒளியூட்ட நெறித்தொகுப்பும் வந்தது. ஆனால் பொதுக் கட்டடங்களை ஏற்கும்போது நாம் பெரும்பாலும் விளக்குகளை எண்ணுகிறோம். சில இடங்களில் லக்ஸ் அளவியைக் கொண்டு அளக்கிறோம். அடுத்த பத்தியை எவரும் பார்ப்பதில்லை.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தையே எடுத்துக்காட்டாகக் கூறலாம். அங்கு அலுவலர் மேசைகள் அனைத்தின்மீதும் கண்ணாடித் தகடு இருந்தது. பழைய டியூப் லைட்டுகளை நீக்கி மெல்லிய எல்.இ.டி. பட்டைகளைப் பொருத்தியபின், ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு பட்டை தலைகீழாக ஒளிர்ந்தது. கோப்பை எவ்வாறு திருப்பினாலும் வழவழப்பான தாளின் எழுத்துகள்மேல் அவ்வொளி படர்ந்தது. கண்ணாடியை எடுத்துவிடக் கோரினேன். அது இருப்புப் பதிவேட்டில் மேசையின் ஒரு பகுதியாகப் பதியப்பட்டுள்ளது என்று விடை வந்தது. அதன்மேல் ஒரு பச்சைத் துணியை விரித்து ஓய்வு கண்டேன். துணிக்குப் பதிவேட்டில் இடமில்லை. ஆகவே தடையும் இல்லை.

இவ்வாறு பளபளப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, பள்ளிகளிலும் பெருந்தொல்லை. கரும்பலகைக்கு முன்னால் விளக்கை மாட்டினால், சன்னலோரம் அமர்ந்த மாணவர்க்குப் பலகையின் ஒரு பாதி வெள்ளையாகத் தோன்றும். கேரளத்தில் 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டம் 45,000 வகுப்பறைகளில் கணினியும் ஒளிவீழ்த்தியும் தருவதை இலக்காகக் கொண்டது. திரையில் படம் தெளிவாகத் தெரிய அறை இருட்டாக வேண்டும்; குறிப்பேட்டில் எழுத வெளிச்சம் வேண்டும். திரைக்கு அருகிலுள்ள விளக்கு வரிசையைத் தனி ஸ்விட்சில் இணைப்பதால் இரண்டும் நிறைவேறும். கட்டும்போது இதற்காகும் செலவு ஒரு ஸ்விட்சும் சில மீட்டர் கம்பியுமே. கட்டிய பின்னரோ சுவரை உடைக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

வீட்டு வசதித் திட்டங்களே இதற்கு உகந்த நுழைவாயில். 2016இல் தொடங்கிய ஊரகப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின்கீழும், கேரளத்தின் லைஃப் திட்டத்தின்கீழும் எழும் வீடுகளில், விளக்கு முனையின் உயரத்தையும் இடத்தையும் வரைபடத்திலேயே குறித்துவிடலாம். உட்சுவருக்கு வெளிர் வண்ணம் என்பதும் அழகுக்கு விடப்பட வேண்டிய செய்தியன்று. முன்னர்க் கண்டபடி அது மூன்று பல்புகளின் வேலையைச் செய்கிறது. விறகடுப்பு எரியும் வட்டவடை போன்ற குளிர்ப் பகுதிகளில் ஆண்டுதோறும் சுண்ணாம்பு மீண்டும் அடிக்கப்படாவிட்டால் பயன் நிலைக்காது. ஆகவே புகைபோக்கியும் விளக்குத் திட்டத்தின் ஒரு பகுதியே. துறைவாரியாகப் பிரிந்து செயற்படும் நம் நிருவாகத்தில் இவ்விரண்டும் ஒரே கோப்பில் சேர்வது எளிதன்று என்பதை நான் அறிவேன்.

கொள்முதல் ஒப்பந்தப்புள்ளிகளில் பல்பு மூடியின் குறைந்த அளவு விட்டத்தையும் உச்ச ஒளிர்வையும் குறிப்பது அடுத்த படி. 36 கோடி பல்புகளை வாங்கிய கை, மூடியின் அளவையும் கட்டளையிடவல்லது. ஷேடுகளை மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கொண்டு தகரத்திலோ மூங்கிலிலோ செய்விக்கலாம் என்பாரும் உளர். எல்.இ.டி. பல்பின் அடிப்பகுதிக்குக் காற்றோட்டம் தடைப்படாதவாறு அவற்றை வடிவமைக்க வேண்டும். இல்லையேல் சூடேறிப் பல்பின் வாழ்நாள் குறையும். முன்னே கூறிய பால்வெள்ளைக் கோளத்திற்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

ஆய்வுக்குச் செல்லும் அலுவலர்களிடம் கூசொளி அளவி இராது. அதன் தேவையும் பெரும்பாலும் இல்லை. மாணவர் அமரும் இடத்தில், தரையென்றால் தரையிலேயே, தாமும் அமர்ந்து எதிர்ச்சுவரை நோக்க வேண்டும். பின்னர்ப் புருவத்திற்கு மேல் உள்ளங்கையைக் குடைபோல் வைத்து விளக்கை மட்டும் மறைக்க வேண்டும். அந்நொடியில் கண் இளைப்பாறுவதாக உணர்ந்தால் அவ்வறையில் கூசொளி உண்டு. வேறுபாடு தெரியாவிட்டால் இல்லை. கையை எடுத்தும் வைத்தும் மூன்று நான்கு முறை பார்த்து, விளக்கின் உயரம், சுவரின் நிறம், மூடியின் நிலை ஆகிய மூன்றையும் ஆய்வுக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். ஓர் அறைக்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகாது.